'ட்ரூ' என்று வந்தால் 'எதற்கு?' என்று கேளுங்கள்

ஆங்கிலத்தில் 'ட்ரூ' என்று கண்டதும் கை தானாக 'உண்மை' என்று எழுதிவிடுகிறது. சைக்கிள் கையேட்டில் சக்கரத்தை ட்ரூ செய்யச் சொல்லியிருந்தால் 'சக்கரத்தை உண்மையாக்கவும்' என்று தமிழில் வந்து நிற்கும். உடற்கூற்றுப் படத்தில் 'உண்மை விலா எலும்பு' என்று போட்டிருப்பதைப் பார்க்கும் மாணவர், மற்ற விலா எலும்புகள் போலியோ என்று நினைப்பார். தமிழில் சொல் இல்லாததால் வரும் கோளாறு இல்லை இது. ஒரே சொல்லுக்குள் இருக்கும் பல பொருள்களைப் பிரித்துப் பார்க்காததால் வருவது.

முதலில் சொல்லின் வேர். பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு 'நடந்ததோடு ஒத்துப்போவது' என்ற பொருள் முதன்மையானதாக இல்லை. விசுவாசமான, உறுதியாக நிற்கிற, சொன்ன சொல் மாறாத என்பதே பொருள். ஆங்கிலத்தின் பங்காளி மொழியான ஜெர்மனில் இன்றும் அப்படித்தான்: 'ட்ரொய்' என்றால் விசுவாசமான, நடந்தது உண்மை என்று சொல்ல 'வார்' என்று வேறு சொல் இருக்கிறது. ஆங்கிலத்திலும் உண்மைக்கென்று 'ஸூத்' என்ற தனிச்சொல் இருந்து வழக்கொழிந்தது. குறி சொல்பவரைக் குறிக்கும் 'ஸூத்சேயர்' என்ற சொல்லில் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆறுதல்படுத்துவதைச் சொல்லும் 'ஸூத்' என்ற வினையும் அதே குடும்பம்தான். 'ஆமாம், நீ சொல்வது உண்மை' என்று ஒப்புக்கொள்வதில் தொடங்கி, தட்டிக்கொடுப்பது வரை அதன் பொருள் நகர்ந்திருக்கிறது. 'மிகவும்' என்று நாம் மொழிபெயர்க்கும் 'வெரி' லத்தீனின் 'வேருஸ்', அதாவது மெய் என்ற சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. சென்னையில் 'மெய்யாலுமே' என்று அழுத்திச் சொல்வதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

'ட்ரூ'வின் நெருங்கிய உறவுகளில் 'ட்ரஸ்ட்' நம்பிக்கை, 'ட்ரூஸ்' போர்நிறுத்த உடன்பாடு, 'ட்ரோத்' கொடுத்த வாக்கு. நிச்சயதார்த்தத்தைச் சொல்லும் 'பிட்ரோத்' இந்த ட்ரோத்திலிருந்து பிறந்தது. இவை எல்லாவற்றுக்கும் அடியில் மிகப் பழைய வேர் ஒன்றை மொழியியலாளர்கள் காட்டுகிறார்கள்: உறுதி, கெட்டி, மரம் என்ற பொருள்கள் கொண்டது. ஆங்கிலத்தின் 'ட்ரீ' அதிலிருந்து வந்தது. வடமொழியின் 'தாரு'வும் அதுவே. 'தேவதாரு' என்று சொல்லும்போது அந்த வேரின் ஒரு கிளை நம் வாயிலும் இருக்கிறது. மரம்போல் உறுதி என்பதால் இந்தப் பொருள் வந்ததா, உறுதி என்ற பொருளிலிருந்துதான் மரத்துக்கே பெயர் வந்ததா என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை.

தமிழின் 'உண்மை' புறப்படும் இடமே வேறு. 'உள்' என்ற அடியிலிருந்து வருவதால் இருப்பதுதான் உண்மை. சைவ சித்தாந்தத்தில் 'பதி உண்மை' என்றால் இறைவன் உண்டு என்று நிறுவுவது. ஆகவே நம் சொல் 'இருக்கிறதா?' என்று கேட்கிறது. ஆங்கிலச் சொல் 'எதை விட்டு விலகாமல் நிற்கிறது?' என்று கேட்கிறது. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்றவை எல்லாம் வரிசையாக அவிழும் என்பது என் அனுபவம். எங்கே 'ட்ரூ' வந்தாலும் அதன் பின்னால் ஓர் அளவுகோல் மறைந்திருக்கும். அச்சு, மட்டம், புவியின் துருவம், மூல ஆவணம், தாய்ச்செடி என்று அது இடத்துக்கு இடம் மாறும். அந்த அளவுகோலைக் கண்டுபிடித்தால் தமிழ்ச்சொல் தானாக வரும்.

பட்டறையில் தொடங்கலாம். அங்கேதான் இந்தப் பொருள் கையில் பிடிபடும்.

சைக்கிள் சக்கரத்தை ட்ரூ செய்வதற்குத் தமிழ்நாட்டு சைக்கிள் கடைகளில் 'கோட்டம் எடுப்பது' என்று பெயர். கோட்டம் என்றால் வளைவு. அதை நீக்குவது வேலை. இதைவிடப் பொருத்தமான மொழிபெயர்ப்பை எந்த அகராதிக் குழுவாலும் உருவாக்க முடியாது. இங்கே அளவுகோல் அச்சு. ரிம் எல்லா இடத்திலும் அச்சிலிருந்து ஒரே தூரத்திலும், ஒரே தளத்திலும் சுழல வேண்டும். பழைய பெரிய சைக்கிளில் முன் சக்கரத்துக்கு 32 கம்பிகள், பின் சக்கரத்துக்கு 40. ஒவ்வொரு கம்பியும் ரிம்மைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறது. பாதிக் கம்பிகள் ஹப்பின், அதாவது சக்கரத்தின் நடுக்குடத்தின், இடது விளிம்புக்கும் பாதி வலது விளிம்புக்கும் போகின்றன.

சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பிரேக் கட்டையை அடையாளமாக வைத்துச் சக்கரத்தை மெதுவாகச் சுற்றுங்கள். ரிம் இடப்பக்கம் ஒதுங்கும் இடத்தில் வலது விளிம்புக்குப் போகும் கம்பிகளை இறுக்கி, இடது விளிம்புக்குப் போகும் கம்பிகளைத் தளர்த்த வேண்டும். கம்பியை ரிம்மோடு பிணைக்கும் சிறு நட்டுக்கு நிப்பிள் என்று பெயர். ஒரு தடவைக்கு அதைக் கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். டயர் பக்கமிருந்து அச்சை நோக்கிப் பார்க்கும்போது கடிகார முள் திசையில் திருப்பினால் இறுகும். அச்சுப் பக்கமிருந்து பார்ப்பவருக்கு அதுவே எதிர்த்திசையாகத் தெரியும். புதிதாகக் கற்பவர்கள் தடுமாறும் முதல் இடம் இது.

பக்கவாட்டுக் கோட்டத்துக்கு முன்னால் மேலும் கீழும் ஏறி இறங்குவதைச் சரிசெய்ய வேண்டும். ரிம் வெளியே துருத்தும் இடத்தில் இடது, வலது கம்பிகள் இரண்டையும் சம அளவு இறுக்கினால் உள்ளே வரும். பள்ளமாக இருக்கும் இடத்தில் இரண்டையும் சம அளவு தளர்த்த வேண்டும். பிறகு பக்கவாட்டு, மறுபடி ஏற்ற இறக்கம் என்று மாறி மாறிப் போக வேண்டும். ஒன்றைத் தொட்டால் மற்றது சிறிது கெடும். 1 மில்லிமீட்டருக்குள் வந்துவிட்டால் ரிம் பிரேக் உள்ள வண்டிக்குப் போதும். அரை மில்லிமீட்டர் என்றால் நல்ல வேலை.

கெடுவது எப்படி? எல்லா இடத்திலும் இறுக்கிக்கொண்டே போவதால்தான் பெரும்பாலும் கெடுகிறது. தளர்த்தாமல் இறுக்கினால் மொத்த இழுவிசை ஏறி, நிப்பிளின் சதுரம் வழுவழுப்பாகிச் சாவி பிடிக்காமல் போகும். ரிம் கீறல் விடும். துருப்பிடித்த நிப்பிளுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஊறவைக்காமல் திருப்பினால் கம்பியே முறுக்கிக்கொள்ளும். அப்போது சரியாக வந்ததுபோல் தெரியும். வண்டி ஓடத் தொடங்கியதும் முறுக்கு அவிழ்ந்து கோட்டம் திரும்பிவிடும். அதனால்தான் வேலை முடிந்ததும் அடுத்தடுத்த இணைக் கம்பிகளைக் கையால் சேர்த்து அழுத்திவிட்டு, மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும். பள்ளத்தில் விழுந்து ரிம்மே மடங்கிவிட்டிருந்தால் கம்பியால் அதை நேராக்க முடியாது. கம்பி இழுவிசை ஏறுக்குமாறாகிச் சக்கரம் பலவீனமாகும்.

ரிம் இரண்டு பக்கத்து நட்டுகளுக்கும் நட்டநடுவில் இருக்கிறதா என்பது இன்னொரு சோதனை. சக்கரத்தைக் கழற்றி, இடவலம் மாற்றித் திருப்பி மாட்டுங்கள். பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளி முன்பு 5 மில்லிமீட்டர், இப்போது 3 என்றால் பிழை 2 இல்லை, 1. திருப்பிப் போடும்போது பிழை இரட்டிப்பாகித் தெரியும். அதில் பாதியைத்தான் திருத்த வேண்டும்.

இந்தத் 'திருப்பிப் போட்டுப் பாதி எடு' என்ற விதியைப் பட்டறை உலகின் மிக அழகான கண்டுபிடிப்புகளில் ஒன்றாக நினைக்கிறேன். கையில் நம்பகமான அளவுகோல் எதுவுமே இல்லாதபோதும், கருவி தன் பொய்யைத் தானே காட்டிக்கொடுக்கும்படி செய்கிறது. ரசமட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேசைமேல் வைத்துக் குமிழி எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். பிறகு முனைக்கு முனை மாற்றி அதே இடத்தில் வையுங்கள். குமிழி மேசையின் அதே பக்கம் போனால் மேசை சாய்வு. மட்டத்தின் அதே முனையில் ஒட்டிக்கொண்டால் மட்டம்தான் தவறு. மூலைமட்டத்துக்கும் இதே வழி. நேரான விளிம்புள்ள பலகையில் ஒரு கோடு கிழித்து, மூலைமட்டத்தைக் கவிழ்த்து அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு கிழியுங்கள். இரண்டும் ஒன்றாக விழுந்தால் சரி. மேலே போகப் போக விரிந்தால், அந்த விரிவில் பாதி மூலைமட்டத்தின் பிழை.

கடைசலில், அதாவது லேத்தில், 'ஜாப்பை ட்ரூ பண்ணு' என்றே சொல்கிறார்கள். ஜாப் என்பது கடைய வேண்டிய பொருள்; அதைப் பிடித்துச் சுழற்றுவது சக். ஆங்கிலச் சொல் அப்படியே தொழில்மொழி ஆகிவிட்டது. நான்கு தாடைச் சக்கில் ஒவ்வொரு தாடையும் தனித்தனியாக நகரும். முதலில் கண்ணளவில் நடுவுக்குக் கொண்டுவந்து, பிறகு டயல் கேஜ் வைத்துக் கையால் சுற்ற வேண்டும். எதிரெதிர்த் தாடைகளில் டயல் காட்டும் வித்தியாசம் 0.40 மில்லிமீட்டர் என்றால் ஜாப் 0.20 நகர வேண்டும். இங்கேயும் பாதிதான். அதிகம் காட்டும் பக்கத்துக்கு எதிர்த் தாடையைச் சிறிது தளர்த்தி, அதிகம் காட்டும் பக்கத் தாடையை இறுக்குங்கள். ஓர் இணையை முடித்த பிறகே அடுத்த இணைக்குப் போக வேண்டும். நீளமான ஜாப் என்றால் சக்குக்கு அருகே தாடையாலும், தூர முனையில் மென்மையான சுத்தியால் தட்டியும் சரிசெய்வார்கள். சக்குக்கு அருகே மட்டும் பார்த்துவிட்டுக் கடைந்தால் தூர முனை ஆடிக்கொண்டு, கடைந்த பகுதி பழைய பகுதியோடு ஒரே அச்சில் நிற்காது.

சாணைச் சக்கரத்திலும் இந்தச் சொல் உண்டு. அங்கே இரண்டு வேலைகள் குழம்பிப்போகின்றன. சக்கரத்தின் முகத்தைச் சுழலும் அச்சுக்கு ஒத்து வட்டமாக்குவது ட்ரூ செய்தல். மழுங்கிய மணிகளை உதிர்த்துப் புதுக் கூர் வெளிவரச் செய்வது டிரெஸ்ஸிங். வைரமுனைக் கருவி இரண்டையும் ஒரே ஓட்டத்தில் செய்துவிடுவதால் பலர் ஒன்றென்றே நினைக்கிறார்கள்.

கொத்தனார், தச்சர் பேச்சில் 'ட்ரூ'வுக்கு ஒரே சொல் கிடையாது. படுக்கைவாட்டில் 'மட்டம்', செங்குத்தில் 'தூக்கு', மூலையில் 'மூலைமட்டம்' என்று திசைக்கொரு சொல். 'சுவர் தூக்குல இருக்கா?' என்று கேட்டால் அளவுகோல் புவியீர்ப்பு என்பது கேள்விக்குள்ளேயே வந்துவிடுகிறது. கட்டுமானக் கையேடு மொழிபெயர்ப்பவர்கள் 'நேர்த்தன்மை', 'மெய்த்தன்மை' என்று புதிது புதிதாகச் செய்வதை விட்டு இந்தச் சொற்களை எடுத்தாள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது வடக்கு. திசைகாட்டியின் முள் காட்டுவது காந்த வடக்கு. 'ட்ரூ நார்த்' என்பது புவி சுழலும் அச்சின் வடமுனை இருக்கும் திசை. 'உண்மை வடக்கு' என்பது வழக்கில் இருந்தாலும் 'புவியியல் வடக்கு' என்பதே அளவுகோலைச் சொல்லும் பெயர். இரண்டுக்கும் உள்ள கோண வித்தியாசம் காந்த ஒதுக்கம். சென்னையில் அது ஒன்றிரண்டு பாகை மட்டுமே மேற்கே இருப்பதால் நமக்கு இந்த வேறுபாடு பெரிதாக உறைப்பதில்லை. அமெரிக்காவின் சியாட்டில் பக்கம் சுமார் 15 பாகை கிழக்கு. அங்கே வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு முள்ளை மட்டும் நம்பி 1 கிலோமீட்டர் நடந்தால் சேர வேண்டிய இடத்திலிருந்து ஏறத்தாழ 260 மீட்டர் தள்ளி நிற்போம். ஒதுக்கம் கிழக்கு என்றால் முள் காட்டும் கோணத்தோடு கூட்ட வேண்டும், மேற்கு என்றால் கழிக்க வேண்டும். இந்த அளவு ஆண்டுக்கு ஆண்டு நகர்வதால் பழைய வரைபடத்தில் அச்சிட்ட எண்ணை அப்படியே எடுக்கக்கூடாது. கைப்பேசித் திசைகாட்டியில் எந்த வடக்கு வேண்டும் என்று தேர்வு செய்யும் வசதி இருக்கும். இருக்குமிடம் தெரிந்தால்தான் அது புவியியல் வடக்கைக் கணக்கிட முடியும்.

முள்ளே இல்லாமல் கண்டுபிடிக்க நம் ஊர்ச் சிற்பிகள் கையாண்ட சங்கு முறை இன்றும் வேலை செய்யும். சமதளத்தில் 30 சென்டிமீட்டர் கம்பி ஒன்றைத் தூக்குப் பார்த்து நட்டு, அதே அளவை ஆரமாக வைத்து அதைச் சுற்றி வட்டம் போடுங்கள். காலையில் நிழலின் நுனி சுருங்கி வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு புள்ளி. பிற்பகலில் நீண்டு மறுபடி தொடும் இடத்தில் இன்னொரு புள்ளி. இரண்டையும் இணைத்தால் கிழக்கு மேற்குக் கோடு. அதன் நடுப்புள்ளியையும் கம்பியின் அடியையும் இணைத்தால் தெற்கு வடக்கு. கம்பி சாய்ந்திருப்பதும், நிழல் நுனி மங்கலாக இருப்பதும்தான் இதில் பிழைக்கு இடமாகும். காலைக்கும் மாலைக்கும் இடையே சூரியன் சற்று வடக்கிலோ தெற்கிலோ நகர்வதால் வரும் பிழை மிகச் சிறியது. பக்கத்தில் இரும்புக் கம்பிக் கட்டு கிடந்தாலும் இந்த முறை ஏமாறாது, திசைகாட்டி ஏமாறும்.

வானூர்தித் துறையில் இன்னொரு நுணுக்கம். எழுத்தில் வரும் வானிலை அறிக்கையின் காற்றுத் திசை புவியியல் வடக்கை வைத்தது. கட்டுப்பாட்டுக் கோபுரம் வாயால் சொல்லும் காற்றுத் திசையும் ஓடுபாதை எண்ணும் காந்த வடக்கை வைத்தவை. ஒரே காற்றுக்கு இரண்டு எண்கள், இரண்டுமே சரி.

அளவியலில் 'ட்ரூனெஸ்' என்பது கலைச்சொல். ஐஎஸ்ஓ 5725 என்ற தரநிலை துல்லியத்தை இரண்டாகப் பிரிக்கிறது. பலமுறை அளந்த சராசரி உண்மை மதிப்புக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பது ட்ரூனெஸ். அளவுகள் ஒன்றோடொன்று எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்பது வேறு. 1 கிலோ எடைக்கல்லைத் தராசில் 5 முறை வைத்தால் 1012, 1012, 1013, 1012, 1012 கிராம் என்று காட்டுகிறது. மாறாமல் பொய் சொல்லும் தராசு. இன்னொன்று 990, 1008, 1003, 995, 1004 காட்டுகிறது. சராசரி சரியாக 1000, ஆனால் ஒரு முறை அளந்தால் நம்ப முடியாது. முதல் தராசைத் திருத்துவது எளிது. 500 கிராம், 2 கிலோ கற்களையும் வைத்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் அதே 12 கிராம் கூடினால் பூஜ்யம் நகர்ந்திருக்கிறது. எடைக்கு ஏற்ப 6, 12, 24 என்று கூடினால் அளவீட்டு விகிதம் தவறு. இரண்டாவது தராசுக்குக் கால் ஆடுகிறதா, தட்டு எங்கேனும் உரசுகிறதா, மின்விசிறிக் காற்று படுகிறதா என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். தமிழில் இரண்டையும் 'துல்லியம்' என்று எழுதினால் இந்த வேறுபாடு மறைந்துபோகிறது. 'மெய்நெருக்கம்', 'ஒத்திசைவு' என்று பிரித்தாலும் போதும். பெயரைவிடப் பிரிப்பது முக்கியம்.

இனிக் காகிதம். மக்கள் அன்றாடம் தொடும் 'ட்ரூ' இதுதான்: 'ட்ரூ காப்பி', உண்மை நகல். மிகப் பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடமும் இதுதான். உண்மை நகல் என்று கையெழுத்திடுபவர் சான்றிதழில் எழுதியிருப்பது உண்மை என்று சொல்லவில்லை. இந்த நகல் மூலத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறது என்று மட்டுமே சொல்கிறார். மூலத்தில் பிறந்த தேதி தப்பாக இருந்தால் நகலிலும் அதே தப்பு இருந்தால்தான் அது உண்மை நகல். பிழையைத் திருத்திக் கொடுத்தால் அது பொய் நகல்.

பொது ஆவணத்துக்குச் சான்றிட்ட நகல் தருவது எப்படி என்று 1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 76-ஆம் பிரிவு சொன்னது: நகலின் அடியில் இது மூலத்தின் உண்மை நகல் என்ற குறிப்பு, தேதி, அதிகாரியின் பெயர், பதவி, முத்திரையிட அதிகாரம் இருந்தால் முத்திரை. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் நடைமுறையில் இருக்கிறது. விண்ணப்பங்களோடு இணைக்கும் சாதாரண நகல்களுக்கு, 2014-க்குப் பிறகு பல இடங்களில் கெசட்டட் அதிகாரியைத் தேடிப் போக வேண்டியதில்லை. விண்ணப்பதாரரே சுயசான்று இடலாம். அப்போதும் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்தும் தேதியும் வேண்டும். இரண்டு பக்கம் அச்சான சான்றிதழின் பின்பக்கத்தை விட்டுவிடுவது, கையெழுத்திட்ட தாளையே மறுபடி நகலெடுத்துக் கையெழுத்தும் நகலாகவே போவது ஆகிய இரண்டும் விண்ணப்பம் திரும்பி வர வழிவகுக்கும்.

நீதிமன்ற உறுதிமொழியிலும் ஒரு நுட்பம் உண்டு. திரைப்படங்களால் நமக்குப் பழகியது 'நான் சொல்வதெல்லாம் உண்மை, உண்மையைத் தவிர வேறொன்றுமில்லை' என்ற இரண்டு அடிகள். 1969-ஆம் ஆண்டு உறுதிமொழிச் சட்டத்தின் ஆங்கில வாசகத்தில் மூன்று அடிகள் இருக்கின்றன: உண்மை, முழு உண்மை, உண்மையன்றி வேறில்லை. ஒவ்வொன்றும் ஒரு ஓட்டையை அடைக்கிறது. முதலாவது பொய் சொல்லாதே என்கிறது. இரண்டாவது பாதியை மறைக்காதே என்கிறது. மூன்றாவது உண்மையோடு கலந்து எதையும் சேர்க்காதே என்கிறது. பேச்சு வழக்கில் நாம் தொலைத்தது நடு அடியை. சாட்சிகள் பெரும்பாலும் தவறுவதும் அங்கேதான் என்பதால் அந்த இழப்பு எனக்கு உறுத்துகிறது.

பிராதின் கடைசியில் வரும் சரிபார்ப்புப் பத்தியும் 'ட்ரூ'வை வகைப்படுத்துகிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 6, விதி 15-இன்படி, எந்தெந்த எண்ணுள்ள பத்திகள் தன் சொந்த அறிவில் தெரிந்தவை, எவை பிறர் சொல்லக் கேட்டு உண்மையென்று நம்புபவை என்று தனித்தனியாகக் குறிப்பிட வேண்டும். '1 முதல் 12 வரை என் அறிவுக்கும் நம்பிக்கைக்கும் எட்டியவரை உண்மை' என்று மொத்தமாகக் கட்டி எழுதுவது பரவலான பழக்கம், ஆனால் குறையுள்ள பழக்கம். குறுக்கு விசாரணையில் 'இதை நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா?' என்று கேட்டதும் அந்தக் கட்டு அவிழ்ந்துவிடும்.

உயிரியல் பெயர்களில் வரும் 'ட்ரூ' வேறு சாதி. அங்கே உண்மை, பொய் என்பது வகைப்படுத்தும் அடையாளம் மட்டுமே. நமக்கு 12 இணை விலா எலும்புகள். முதல் 7 இணைகள் தத்தம் குருத்தெலும்பால் நேராக மார்பெலும்பைத் தொடுவதால் 'உண்மை' விலா. 8 முதல் 10 வரை மேலுள்ள குருத்தெலும்பைப் பிடித்துக்கொண்டு போவதால் 'பொய்' விலா. கடைசி 2 முன்பக்கம் எங்கும் தொடாமல் நிற்பதால் மிதக்கும் விலா. எல்லாமே அசல் எலும்புதான். 'நேர்விலா' என்று பெயரிட்டிருந்தால் பாதிக் குழப்பம் இருந்திருக்காது. 'மெய்க்கனி', 'பொய்க்கனி'யும் அப்படித்தான்: சூலகம் மட்டும் பருத்து உருவானால் மெய்க்கனி, மற்ற பாகங்களும் சேர்ந்தால் பொய்க்கனி. முந்திரியில் நாம் கடித்துச் சாறு குடிக்கும் பழம் பொய்க்கனி. அதன் அடியில் தொங்கும் கொட்டைதான் தாவரவியலின்படி கனி.

இலங்கையின் கறுவாவுக்குத் தாவரவியல் பெயரிலேயே இந்தச் சொல் இருக்கிறது: சின்னமோமம் வேரம். 'வேரம்' என்றால் மெய்யான. கடையில் பிரித்தறிவது எளிது. இலங்கைக் கறுவாவின் பட்டை காகிதம்போல் மெல்லியதாக, பல அடுக்குகளாகச் சுருட்டியிருக்கும்; கையால் நொறுக்கலாம். கேசியா பட்டை தடிமனாக, ஒரே அடுக்காக, உள்ளே குழலாக இருக்கும். உடைக்க வலு வேண்டும். கேசியாவில் கூமரின் என்ற பொருள் பலமடங்கு அதிகம். அளவு மீறினால் அது கல்லீரலைப் பாதிக்கக்கூடியது. தினமும் அதிகமாகச் சேர்ப்பவர்கள் வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது நல்லது.

விதையில் 'ட்ரூ' என்றால் தாய்க் குணம் மாறாமல் வருவது. மெண்டல் தன் பட்டாணி ஆய்வைத் தொடங்கும் முன் 34 வகைகளை வாங்கி இரண்டு ஆண்டுகள் வளர்த்துப் பார்த்து, குணம் மாறாத 22 வகைகளையே எடுத்துக்கொண்டார். அந்தப் பொறுமை இல்லாமல் அவருடைய 3:1 விகிதம் தெரிந்திருக்காது. கலப்பினத் தக்காளியின் விதையை எடுத்து வைத்து மறுபோகம் விதைப்பவர் ஏமாறுவதும் இதே விதியால்தான். முதல் தலைமுறையில் ஒரே சீராக இருந்தது அடுத்த தலைமுறையில் பிரிந்து, ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு விதமாகக் காய்க்கும். மாங்கொட்டையிலும் இரண்டு வகை உண்டு. பெரும்பாலான இந்திய மாவகைகளில் கொட்டைக்கு ஒரே முளை; அது தாயைப்போல் வராது, ஆகவே ஒட்டுக் கட்ட வேண்டும். ஓலூர், வெள்ளைக்கொழும்பான் போன்றவற்றில் ஒரே கொட்டையிலிருந்து பல முளைகள் வரும். அவற்றில் பெரும்பாலானவை தாயின் திசுவிலிருந்தே பிறப்பதால் குணம் மாறாது. ஒட்டுக்கு வேர்ச்செடியாக இவற்றை விரும்புவது இந்தச் சீர்மைக்காகத்தான். மற்றவற்றிலிருந்து மாறுபட்ட நாற்றை மட்டும் கழித்துவிட வேண்டும்.

தருக்கத்திலும் கணினியிலும் 'ட்ரூ' ஒரு மதிப்பு மட்டுமே. ஜார்ஜ் பூல் 1847-லும் 1854-லும் எழுதியவற்றில் 1 என்றும் 0 என்றும் இது எண்ணாக மாறியது. தமிழ்க் கணிதத்தில் இங்கே 'மெய்' என்று எழுதுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 'ரியல் நம்பர்' என்பதற்கும் நாம் மெய்யெண் என்கிறோம். மெய் மதிப்பு என்றால் எது என்று மாணவர் திகைப்பார். பள்ளித் தேர்வில் 'சரியா, தவறா' என்று கேட்பது எவ்வளவு தெளிவு! நிரல் எழுதும்போது சரி, தவறு என்றே சொல்லலாம் என்பேன்.

நிரல்மொழிகள் ஒவ்வொன்றும் ட்ரூவை ஒவ்வொரு விதமாக நடத்துகின்றன. பைத்தானில் ட்ரூ என்பது எண் 1-க்குச் சமம். இரண்டு ட்ரூவைக் கூட்டினால் 2 வரும். 'ஃபால்ஸ்' என்று எழுதிய ஒரு சரத்தை, அதாவது எழுத்துத் தொடரை, பூலியனாக, அதாவது சரி-தவறு மதிப்பாக, மாற்றினால் கிடைப்பது ட்ரூ, ஏனென்றால் வெறுமையில்லாத சரம் எல்லாமே ட்ரூ. அமைப்புக் கோப்பிலிருந்து மதிப்பைப் படிக்கும் நிரல்களில் அணைத்து வைத்த வசதி ஓடிக்கொண்டே இருப்பதற்கு இது ஒரு வழக்கமான காரணம். சரத்தைச் சிறிய எழுத்தாக்கி ஒப்பிடுவதுதான் சரியான வழி. யுனிக்ஸ் ஷெல்லில் எல்லாம் தலைகீழ்: வெற்றிக்கு 0, தோல்விக்கு வேறு எண். பழைய விஷுவல் பேசிக்கில் ட்ரூவின் மதிப்பு கழித்தல் 1, ஏனென்றால் எல்லா பிட்டுகளும் 1. தரவுத்தளத்தைக் கேள்வி கேட்கும் மொழியான எஸ்கியூஎல்லில் மூன்றாவதாகத் 'தெரியவில்லை' என்ற மதிப்பும் இருக்கிறது. 'இந்தப் பட்டியலில் இல்லாதவை' என்று கேட்கும்போது பட்டியலில் ஒரே ஒரு 'நல்' (மதிப்பு இல்லை என்பதற்கான குறி) இருந்தாலும் ஒரு வரிகூட வராது. நல்லோடு ஒப்பிட்டால் 'சரி' என்றும் வராது, 'தவறு' என்றும் வராது. நிபந்தனை 'சரி' ஆகும் வரிகளை மட்டுமே எஸ்கியூஎல் வெளியே விடும். கேட்கும் முன் நல்லை வடிகட்டிவிட வேண்டும்.

மீதமிருப்பவை பேச்சு வழக்குகள். இங்கே 'உண்மை'யைத் தொடாமலே தமிழ் அழகாகச் சொல்லும். கனவு 'கம் ட்ரூ' ஆனால் கனவு பலித்தது. ஒருவர் தன் வார்த்தைக்கு ட்ரூ என்றால் சொன்ன சொல் தவறாதவர். சிற்பம் 'ட்ரூ டு லைஃப்' என்றால் தத்ரூபம். 'ட்ரூ லவ்' என்பதன் பழைய பொருள் மாறாத அன்பு. நாம் சொன்னதை ஒருவர் 'ட்ரூ' என்று ஒற்றைச் சொல்லில் ஆமோதித்தால் அது 'வாஸ்தவம்'. அதோடு 'பட்' என்று தொடர்ந்தால் 'வாஸ்தவந்தான், இருந்தாலும்...'